ராமேசுவரக் கரையில் நான் இறைத்த எள்

ராமேசுவரத்துக்கு நான் பக்தியால் போகவில்லை. யுத்தம் முடிந்த மறு வருஷம், என்னோடு தறி நெய்த கூட்டாளிகள் இரண்டு பேர் தீவு, கடல், வறுத்த மீன், சிலோன் சோப்பு என்று ஆசை காட்டினார்கள். திருத்தணிக்காரனுக்குத் தண்ணீர் என்றால் மலையடிவாரத்துக் குளம்தான். கடலை அதுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. வீட்டில் தீர்த்த யாத்திரை என்று சொல்லிவிட்டு மூட்டை கட்டினேன்.

அந்தப் பொய்யை அக்காள் நம்பினாள். அவள் புருஷனை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, பாவா என்பேன். மலேயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனவர். யுத்தம் வந்ததும் கடிதம் நின்றது. நாலு வருஷமாக ஒரு சேதியும் இல்லை. அவர் பேரும் நட்சத்திரமும் எழுதிய சீட்டை அக்காள் என் சட்டைப்பையில் செருகினாள்.

"கடல்ல முழுக்குப் போட்டு, ஐயர்கிட்ட சொல்லி அவரு ஆயுசுக்கு சங்கல்பம் பண்ணிகினு வாடா. எனக்கு வேற எதுவும் வாங்கியாராத."

கடலைக் கண்டதும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. காலை முழுவதும் எருமை மாதிரி தண்ணீரில் கிடந்தேன். பிறகு கடைத்தெருவில் சங்கு, சோழிமாலை, பனையோலைப் பெட்டி என்று ஒன்றுவிடாமல் பேரம் பேசினேன். கூட்டாளி ஒருவன் தூரத்திலிருந்து, "மீனு வறுத்தாச்சி, ஆறிடும்டா!" என்று கத்தியபோதுதான் சீட்டு ஞாபகம் வந்தது.

கரையில் உட்கார்ந்திருந்த புரோகிதர் ஒருவரிடம் ஓடிப்போய் நீட்டினேன். அவர் முன்னால் தாய் தகப்பனுக்குத் திதி கொடுக்கிற கூட்டம். "இவருக்கும் தர்ப்பணம்தானே?" என்று கேட்டார். கூட்டாளி போன திசையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

தர்ப்பையை விரலில் மாட்டி, உள்ளங்கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் விட்டார். அப்போதுதான் சுரீர் என்றது. நைனா செத்த பிறகு அமாவாசைதோறும் நான் இறைக்கிற எள்தானே அது! உயிரோடு இருக்க வேண்டும் என்று அக்காள் வேண்டுகிற மனுஷனுக்கு எள் இறைப்பதா? நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பரிகாரம் என்பார், மறுபடி முழுகு என்பார், மீன் ஆறிவிடும். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் காரணம். மூன்று தரம் இறைத்துவிட்டு ஓடினேன். மீன் ருசியாகத்தான் இருந்தது. அந்த ருசி தெரிந்ததற்காகவே என்னை நான் மன்னிக்கவில்லை.

ஊர் திரும்பியதும் அக்காள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பண்ணியாடா?"

"பண்ணேன்க்கா."

அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அடுத்த கிருத்திகைக்குத் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு மலை ஏறினாள்.

இரண்டு வருஷம் கழித்து, மலேயாவிலிருந்து திரும்பிய ஒருவன் சேதி கொண்டுவந்தான். ஜப்பான்காரன் ரயில் பாதை போடப் பிடித்துப்போன கூட்டத்தில் பாவாவும் இருந்தாராம். திரும்பி வந்தவர்களில் அவர் இல்லையாம். பாவாவின் அண்ணன் வீட்டுக்கு வந்தார்.

"எத்தினி நாளிக்கும்மா இப்படியே? காரியத்த முடிச்சிடலாம்."

அக்காள் நடுக்கூடத்தில் நிமிர்ந்து நின்றாள். "ராமேசரம் கடல்ல அவரு ஆயுசக் கேட்டுகினு வந்திருக்கான் என் தம்பி. அது பொய்க்காதுங்க. வேணும்னா அவனையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் புளுகு. அவள் என் முகத்தில் காறித் துப்புவாளே என்றுதான் பயந்தேன்.

"கேட்டேங்க" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதற்கப்புறம் முப்பது வருஷம், சாகிறவரை, அக்காள் பூவும் பொட்டுமாகவே இருந்தாள். பாவாவுக்கென்று ஒரு பிடி சோறு காக்கைக்கு வைக்க யாரையும் விடவில்லை. அவர் எந்தக் காட்டில் செத்தாரோ, அவருக்காக இந்த உலகத்தில் இறைத்த எள் என் கையிலிருந்து விழுந்தது ஒன்றுதான். அதையும் நான் மனசோடு இறைக்கவில்லை.