சட்டை மட்டும் விழுந்த படம்

காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருந்த பூமிநாதனுக்கு மூக்கு நுனியில் கோபம். படம் சரியில்லை என்றால், “மூஞ்சி எப்படியோ படம் அப்படி” என்பார். எழுபத்தொன்பதாம் வருஷம் ஒருநாள் அந்தப் பதில் எடுபடவில்லை.

கிளிஞ்சல்மேட்டு விசாலாட்சி தன் கல்யாணப் படத்தை மேசையில் போட்டாள். உச்சி வெயிலில் எடுத்தது. மாப்பிள்ளை கண்ணையனின் வெள்ளைச் சட்டை பளபளத்தது. அதற்குமேல் கன்னங்கரேலென்று ஒரு வட்டம், அதில் பல்.

“சட்டையோடவாண்ணே குடும்பம் நடத்துறது? கடலுக்குப் போற மனுசங்க. நாளைக்கு ஒண்ணுன்னா, மொகம்னு ஒண்ணு வீட்டுல இருக்கணும்ல?”

பூமிநாதனுக்குச் சுருக்கென்றது. அந்த நெகட்டிவில் முகமே இல்லை. சரி, வெள்ளையும் கறுப்புமாக இந்தப் பிலிம் எவ்வளவுதான் தாங்கும்? கொல்லை வெயிலில் வெள்ளை வேட்டியையும் கறுப்புக் குடையையும் தொங்கவிட்டார். நடுவே பக்கத்துத் தையல்கடை அப்துல் லத்தீப்பை உட்காரவைத்தார். லென்ஸை ஒவ்வொரு படியாகத் திறந்து ஒரு ரோல் முழுக்க எடுத்தார்.

“பூமி, எனக்கென்ன பொண்ணா பாக்குற?” என்றார் லத்தீப்.

“அசையாதய்யா.”

கழுவிப் பார்த்ததில் விஷயம் விளங்கியது. எடுக்கும்போது வெளிச்சம் கூடிப்போனால், பிரிண்ட் போடும்போது அதிக நேரம் வெளிச்சம் காட்டி வேட்டியின் மடிப்பை மீட்டுவிடலாம். குறைந்துபோனால் தலைகீழாக நின்றாலும் குடைக்கம்பி வராது. முகத்துக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டுச் சட்டையைப் பிறகு கவனிக்க வேண்டியதுதான்.

காசு வேண்டாமென்று, மறுபடி எடுக்கக் கிளிஞ்சல்மேட்டுக்கே போனார். கண்ணையன் வெள்ளைவெளேரென்று பவுடர் பூசிக்கொண்டு படகோரம் நின்றான். எல்லாம் விசாலாட்சியின் கைங்கரியம்.

“அடப்பாவி! அந்தக் கறுப்புக்குத்தானய்யா கணக்குப் போட்டு வந்திருக்கேன். கழுவு!”

அவன் கழுவினான். அவளும் தன் முகத்தில் பூசியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

படம் வந்தது. கண்ணையனின் புருவத் தழும்புகூடத் தெரிந்தது. சட்டையிலேயே கண்ணாயிருந்து பூமிநாதன் அதன் பொத்தானையும் மீட்டிருந்தார். பக்கத்தில் விசாலாட்சி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, அதில் பொட்டு. பூமிநாதனுக்கு வெட்கமாகப் போயிற்று.

“குடு தங்கச்சி, வேற பிரிண்ட் போடுறேன். ஒன் மொகம் நெகட்டிவுல இருக்கு, வந்துரும்.”

விசாலாட்சி தரவில்லை. கண்ணையன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கட்டுங்கண்ணே. நான் எங்க போயிடப் போறேன்? கரையிலதான கெடக்கேன்.”