திமோஃபியின் மகள்

புதிதாக வந்த டீச்சரை ஊரே ‘ஸ்லாத்தா திமோஃபியிவ்னா’ என்று தகப்பன் பேர் சேர்த்து மரியாதையாகக் கூப்பிடும்போதெல்லாம் ஒனிசிமுக்கு உடம்பு கூசும். திமோஃபியின் மகள் ஸ்லாத்தா. அந்தத் திமோஃபி யாரென்று தெரிந்தவர்களில் இன்றைக்கு உயிரோடிருப்பது ஓய்வு பெற்ற போலீஸ்காரரான அவர் ஒருவர்தான்.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் பஸ் நிலையத்து பெஞ்சுக்கு அடியில், ஆப்பிள் கூடைக்குள் கிடந்த குழந்தையை ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்தவர் அவர். கூட வேலை பார்த்த மார்க்கோ கேலி பண்ணாமல் விடவில்லை.

“மூக்கைப் பாருங்கய்யா! அப்படியே நம்ம ஒனிசிம் மூக்கு. வீட்டுல பொண்டாட்டி மெலானியாகிட்ட என்ன கதை விடப்போறே?”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். காது மட்டும் சுட்டது.

மறுநாள் பதிவு அலுவலகத்து அம்மாள் பேனாவோடு நிமிர்ந்தாள்.

“தகப்பன் பேர் இல்லாம காகிதம் முடியாது. கண்டெடுத்தவர் பேரையே போட்டுரலாம். ஒனிசிம்னு எழுதட்டுமா?”

“ஐயோ, என் பேர் வேணாம்மா!”

“அப்ப யார் பேரு? சீக்கிரம், வரிசை நிக்குது.”

வாயில் முதலில் வந்ததைச் சொன்னார். “திமோஃபி.”

அது ஸ்டேஷன் பூனையின் பெயர்.

இப்போது அந்த டீச்சரே அவர் வீட்டுச் சமையலறையில் நிற்கிறாள். அவர் ஜாடியில் வெள்ளரிக்காய்க்கு உப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். பெத்தவங்க இடத்துல வாசல்ல ரொட்டியும் உப்பும் ஏந்தி நின்னு எங்கள வரவேற்க என் பக்கம் யாருமில்ல. பழைய கோப்புல உங்க கையெழுத்து இருக்கு. திமோஃபி யாரு? இருந்தா கூப்பிடணும்.”

நல்ல மனுஷர், செத்துப்போய்விட்டார் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, தரையைப் பார்த்தபடி உள்ளதைச் சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

“அந்தப் பூனை என்ன பண்ணுச்சு?”

“ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உன் கூடைக்குள்ளயே ஒட்டிப் படுத்திருந்துச்சும்மா. விரட்டினாலும் போகல.”

“நீங்க?”

“வெளியில நின்னேன். மார்க்கோ வாய்க்குப் பயந்து.”

“அப்ப பேர் சரியாத்தான் வச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

ரொட்டி ஏந்த நான் வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தார். கையில் உப்புத் தண்ணீர் சொட்டியது. அதற்குள் அவள் கேட்டைத் தாண்டியிருந்தாள். தெருவில் பிள்ளைகள் கத்தினார்கள்:

“வணக்கம், ஸ்லாத்தா திமோஃபியிவ்னா!”

ஒனிசிம் ஜன்னலை மூடினார்.