தட்டுகளை நிறுத்தச் சொன்னவள்

என் தங்கையை வீட்டில் எல்லாரும் எறும்பு என்றுதான் கூப்பிடுவோம். சும்மா உட்காரத் தெரியாது அவளுக்கு. ஒரு மருத்துவமனைச் சமையல்கூடத்துக்குப் புரோகிராம் எழுதுகிறாள். எந்த வார்டு, அதில் எந்த அறை, எந்தக் கட்டில், அந்தக் கட்டிலில் இருப்பவருக்கு எது ஆகாது என்று பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி வைப்பாள். அதைத் திரையில் பார்த்துத்தான் தட்டுகளில் சாப்பாடு வைப்பார்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த மாதம் முடிவு தெரியும் என்றிருந்தார்கள். கும்பிடும்போதெல்லாம் நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

அன்று வீட்டிலிருந்தே ஏதோ சோதித்துப் பார்த்தாள். ஒரு வார்டை நகல் எடுத்து, நகலில் எல்லாக் கட்டிலுக்கும் இனிப்பு கொடுக்கலாம் என்று மாற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து அசலைத் திறந்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அங்கேயும் எல்லாருக்கும் இனிப்பு.

"நகலைத்தானேடி தொட்ட?"

"வெளிப்பெட்டி மட்டும்தான்க்கா புதுசு. உள்ள இருக்கறது கட்டில் இல்ல, கட்டில் எங்க இருக்குன்னு சொல்ற விலாசம். விலாசத்த இன்னொரு தாள்ல எழுதினா வீடு ரெண்டாயிடுமா? ரெண்டும் ஒரே கட்டிலத்தான் காட்டுது. உள்ளயும் ஒவ்வொண்ணா நகல் எடுத்திருக்கணும். மறந்து தொலைச்சேன்."

மதியத் தட்டுகள் கிளம்பும் நேரம். திரையைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். ஆனால் ஏற்கெனவே நிரப்பிய தட்டுகள்? சொன்னால் வேலைக்கே ஆபத்து. ஆண்டவனே, இவளுக்கு ஒரு வழி காட்டு என்று நான் முணுமுணுத்து முடிப்பதற்குள் அவள் போனை எடுத்துவிட்டாள்.

"அண்ணே, தட்டையெல்லாம் நிறுத்துங்க. என் தப்பு. சர்க்கரைக்காரங்களுக்கும் இனிப்பு வச்சிருப்பீங்க."

தலைமைச் சமையல்காரரின் குரல் எனக்கே கேட்டது. "கம்ப்யூட்டர் வந்தா தப்பே வராதுன்னு சொன்ன மகராசி நீதானே? வண்டி லிஃப்டுல ஏறிடுச்சும்மா!"

"ஓடுங்கண்ணே, அப்புறமா திட்டுங்க!"

ஓடினார். வண்டி திரும்பியது. எறும்பு பழைய விவரங்களை மறுபடி ஏற்றித் தருவதற்குள் நோயாளிகள் பசியில் கத்தித் தீர்த்துவிட்டார்கள்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். நிரந்தரம் இப்போதைக்கு இல்லை, இன்னும் கொஞ்ச காலம் பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சாயந்தரம் சமையல்காரரே போன் செய்தார்.

"இனிமே சோதனை பண்றதுக்கு முன்னால எனக்கு ஒரு வார்த்த சொல்லு. வண்டிய பிடிச்சு வைக்கிறேன்."

"இனிமே அந்தத் தப்பு பண்ண மாட்டேண்ணே."

"அது பண்ண மாட்ட. வேற ஏதாவது பண்ணுவ. பண்ணினா உடனே கூப்பிடுவ, அது போதும் எனக்கு."