ஆலமரத்துக்கு ஊற்றிய தாகம்

என் நோயை முதலில் எனக்குக் காட்டிக்கொடுத்தது என் ஆலமரம்தான். மரம் என்றால் முழங்கை உயரம். எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் முளைத்திருந்ததை, வெள்ளையடிக்க வந்தவர்கள் பிடுங்கி எறியப் போனார்கள். நான் வாங்கித் தட்டையான மண்தொட்டியில் நட்டு, என் மற்ற குட்டை மரங்களோடு போன்சாயாக வளர்த்துவந்தேன்.

ஐப்பசி மழை பெய்ததும் கிளைகள் மளமளவென்று தடிக்கும். வளைப்பதற்காகச் சுற்றிய கம்பியை அப்போது கழற்றிவிட வேண்டும். மறந்தால் பட்டைக்குள் இறங்கித் தழும்பாகிவிடும். அன்று ஒரு கிளையில் மறந்திருந்தேன். கம்பியை வெட்டி எடுத்துவிட்டுக் குனிந்தால், என் கணுக்காலில் கொலுசு அதேபோல் பதிந்திருந்தது. கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு கண்ணியும் சதையில் அச்சாகத் தெரிந்தது. விரலால் அழுத்தினால் விழுந்த குழி மேலே வர யோசித்தது.

நாளெல்லாம் தையல் மிஷினில் கால் தொங்குகிறது, வீங்காமல் என்ன செய்யும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். பொங்கல் வரை அப்படியே ஓட்டினேன். இதைப் படிக்கும் யாருக்காவது காலில் குழி விழுந்தால் தயவுசெய்து பொங்கல் வரை காத்திருக்காதீர்கள்.

விழுப்புரத்தில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "ரெண்டு கிட்னியுமே சுருங்கிப் போயிருக்கும்மா. பி.பி. ரொம்ப நாளா இருந்திருக்கு, உங்களுக்குத் தெரியல" என்றார் மருத்துவர். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தின் வழியே அனுப்பிச் சுத்தம் செய்வது) என்று முடிவானது.

தெருவில் வேறு முடிவு செய்திருந்தார்கள். வீட்டில் ஆலமரம் வைத்தால் ஆகாதாம், அதுதான் பிடித்துக்கொண்டதாம். என் வீட்டுக்காரர் ஏழுமலை அவலூர்பேட்டை சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காட்டில் நிற்க வேண்டியதைத் தட்டில் நிறுத்திச் சித்திரவதை செய்கிறேன் என்று என்னோடு மல்லுக்கு நிற்பவர். ஆனால் பக்கத்து வீட்டம்மா வந்து சொன்னபோது, "பி.பி. மரத்துலேர்ந்தா வரும்? வேலயப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஊசி குத்துவதைக்கூடப் பழகிக்கொள்ளலாம். தாகத்தைப் பழக முடியாது. காபி, ரசம், மாத்திரை விழுங்கும் வாய்த்தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்த நீருக்குப் போக வழி இல்லை. மீறினால் நுரையீரலில் போய்த் தேங்கும். சித்திரையில் எங்கள் ஊர் செஞ்சியை வெயில் இரண்டு முறை சுடும். பகலில் வானத்திலிருந்து, பொழுது சாய்ந்தபின் மலைப்பாறைகளிலிருந்து.

ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டால் தாகம் கொஞ்சம் விடும். ஒரு ஐஸ் துண்டு, ஒரு வாய்த் தண்ணீரைவிட அதிக நேரம் நாக்கில் நிற்கும். இதெல்லாம் எனக்கு உதவியது, உங்களுக்கும் உதவலாம். ஆனாலும் தண்ணீரை நினைத்து அழுதிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் யாராவது பாட்டிலை அண்ணாந்தால் அவர் தொண்டை ஏறி இறங்குவதையே வெறித்துக்கொண்டு நிற்பேன். கட்டின புருஷனைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அந்த வருடம்தான் ஆலமரத்தில் முதல் விழுது இறங்கியிருந்தது. நூல் கனம். காற்றில் காய்ந்துவிடாமல் இருக்க, இளநீர்க் கடையில் கேட்டு வாங்கிய ஸ்ட்ராவைப் பிளந்து அதைச் சுற்றி மாட்டி, மண்ணை நோக்கி வழி காட்டியிருந்தேன். இளநீர் எனக்கு ஆகாது (அதிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்பு, சிறுநீரகம் கெட்டவர்களின் இதயத்துடிப்பைக் குலைத்துவிடும்). ஸ்ட்ராவுக்குத் தடையில்லையே. எனக்கு அப்போது இருந்த ஆசைகள் இரண்டுதான். அந்த விழுது மண்ணைத் தொடுவதைப் பார்க்க வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடிக்க வேண்டும்.

போன்சாய்க்கு நீர் ஊற்றும் விதி எளியது. மண்ணில் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் ஒட்டினால் ஊற்றக் கூடாது. அந்தக் கோடையில் நான் விரலை விடவே இல்லை. காலையில் ஊற்றினேன், உச்சிப்பொழுதில் ஊற்றினேன், சாயங்காலம் ஊற்றினேன். மண் உறிஞ்சும் சத்தத்தைக் கேட்கக் கிட்டே குனிந்து நின்றேன். அந்தச் சத்தம் என் தொண்டைக்குள் இறங்கியது.

இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தாகத்தில் வாடுகிறது என்று இன்னும் ஊற்றினேன். வேறு என்ன தோன்றும்? எனக்குத் தெரிந்த ஒரே வாதை அதுதானே. ஒருநாள் என் வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தாகம் உனக்கு. தண்ணி அதுக்கா?"

கோபத்தில் கையிலிருந்த தண்ணீர் மக்கை விட்டெறிந்தேன். மறுநாள் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வேர்கள் கறுத்துக் கூழாகியிருந்தன. சாக்கடை வாடை அடித்தது. அழுகியதையெல்லாம் வெட்டி, செங்கல் ஜல்லியும் ஆற்று மணலும் கலந்து மறுபடி நட்டபோது ஒரு கைப்பிடி வேர்கூட மிஞ்சவில்லை. ஸ்ட்ராவுக்குள் விழுது மட்டும் வெள்ளை நுனியோடு உயிராக இருந்தது. வாய்விட்டு அழுதேன். அவர் அந்த மக்கை எடுத்துக் கழுவிவைத்தார்.

"நான் டெஸ்ட் எடுக்கப் போறேன் செல்வி. சேந்தா என் கிட்னில ஒண்ண குடுத்துடறேன்" என்றார் அப்போது.

"பயமா இல்லியா மாமா?"

"நீ வேர வெட்டி வேற தொட்டில வக்கறியே, மரம் இன்னா செத்தா பூடுது?"

அந்த மரம் பிழைக்குமா என்று அன்று எனக்கே தெரியாது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ரத்தப் பிரிவு பொருந்தியது. சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. கண் விழித்த சில நாட்களில் மருத்துவர் வந்து, "இனிமே தண்ணி நல்லா குடிக்கணும். மூணு லிட்டர்" என்றார். தம்ளரைக் கையில் வாங்கி வெகுநேரம் குடிக்காமல் வைத்திருந்தேன். யாராவது வந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயமாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த மருத்துவரே கேட்டார், "வீட்ல செடி கொடி இருக்காம்மா?" மகிழ்ச்சியாக எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கூடாதென்று தலையை ஆட்டினார். இப்போது நான் சாப்பிடும் மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பவை (இல்லையென்றால் என் வீட்டுக்காரருடைய சிறுநீரகத்தை என் உடம்பு அந்நியமென்று தாக்கும்). மண்ணிலிருக்கும் பூஞ்சை, மற்றவர்களை ஒன்றும் செய்யாது, என்னைக் கொன்றுவிடலாம். "ஒரு வருஷம் மண்ணத் தொடாதீங்க. அப்புறம் பாக்கலாம்."

மரங்களைத் தொட முடிந்த நாளில் குடிக்க முடியவில்லை. குடிக்க முடிகிற நாளில் தொட முடியவில்லை. யாரைத் திட்டுவதென்று தெரியாமல் பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு செஞ்சிக்கு வந்துசேர்ந்தேன்.

மொட்டைமாடியைப் பார்த்த அறையில் இருக்கிறேன். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கிறது. வலது அடிவயிற்றில் கை வைத்தால் அவருடைய சிறுநீரகம் தட்டுப்படும். முன்பு டயாலிசிஸுக்குப் போகும் நாள், போகாத நாள் என்றுதான் வாரம் ஓடியது. இந்தச் சிறுநீரகம் எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்டேன். யாரும் உறுதி சொல்லவில்லை. இப்போது விழுதின் நீளத்தை வைத்து நாளைக் கணக்கிடுகிறேன். வேளைக்கு வேளை தண்ணீர் குடிக்கிறேன், பாதி நேரம் கடமைக்கு. எதற்காக அழுதேனோ அது அலுத்துவிட்டது. விரலை ஈர மண்ணில் விட வேண்டும்போல் மட்டும் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால்கூட ஆள்காட்டி விரல் சோற்றைத் தயிருக்குள் அழுத்திப் பார்க்கிறது.

மரங்களை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவரும் கனம் தூக்கக் கூடாது, அதனால் வாளி வேண்டாமென்று மக்கால்தான் ஊற்றுகிறார். நேற்றுச் சாயங்காலம் ஆலமரத்தின் முன் குந்தியிருந்தார். கிளை நுனியில் மூன்று இலைகள் விரிந்திருந்தன. நான் வலைக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"விரல வுட்டுப் பாருங்க மாமா. ஈரம் ஒட்டுதா?"

"ஒட்டுது."

"அப்ப வேணாம். விழுது?"

ஸ்ட்ராவை ஒட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தார். "இன்னும் ஒரு விரக்கட இருக்குது."

"நான் மண்ணத் தொடறதுக்கு முன்ன அது தொட்டுடும் போல."

"ரெண்டுல எது மொதல்ல தொட்டா இன்னா? தண்ணி ஊத்தறவன் நான்தான்." மண் ஒட்டிய விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அதுக்குப் போதும். நீ குடி."

சொம்பில் இருந்ததை அவர் பார்க்கக் குடித்து முடித்தேன். அவர் லுங்கியில் மண் விரல் அகலத்துக்கு ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.