மிச்சமிருந்த கால் பங்கு

எங்கள் வீட்டுக் கொல்லையில், பூண்டுத் தோட்டம் தொடங்கும் இடத்தில், ஒரு பேரி மரம் நிற்கிறது. அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். கொடைக்கானல் சந்தையில் வாங்கியது. ஒரு கை உடைந்து, வெயிலிலும் பனியிலும் வெளிறி, நீலம் என்று யாராவது சொன்னால்தான் இப்போது நீலம் என்று தெரியும். என் கணவர் அதை எத்தனையோ முறை பழைய சாமான்காரருக்குப் போடப் பார்த்தார். நான் விடவில்லை. என் மாமியார் அதில் உட்கார்ந்து எங்கள் வீட்டை ஆண்டதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

நான் பழனிக்குப் பக்கம் பாலசமுத்திரத்தில் பிறந்து மேல்மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் அத்தையின் குரலைக் கேட்டுப் பயந்திருக்கிறேன். தோட்டத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு அந்தக் கோடியில் களை எடுப்பவர்களை ஏவுகிற குரல் அது. அந்தத் தொண்டையில்தான், தைராய்டு சுரப்பியில், கட்டி வந்தது. மதுரையில் அறுவை செய்து எடுத்தார்கள். புற்றுதான், ஆனால் பயப்பட வேண்டாம், கதிரியக்க அயோடின் மாத்திரை ஒன்று கொடுத்தால் மிச்சம் மீதியும் அழிந்துவிடும் என்றார் டாக்டர். எனக்கு அப்போது ஆறு மாதம் முடியப்போகிறது.

மாத்திரை கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்த பெண் எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினாள். தைராய்டு செல்கள் அயோடினை ஆசையாக இழுத்துக்கொள்ளும், அதனால் மருந்து தானாகவே அவற்றைத் தேடிப் போய்விடும். அந்த அயோடின் அணுக்கள் நிலையில்லாதவை. ஒவ்வொன்றாக உடைந்து வேறொரு தனிமமாக மாறும், மாறும்போது கதிர் வீசும். பீட்டா என்பது வேகமாகப் பாயும் எலெக்ட்ரான். உடம்புக்குள் ஓரிரு மில்லிமீட்டர் போவதற்குள் தீர்ந்துவிடும், கெட்ட செல்லைக் கொல்வது அதுதான். காமா என்பது ஒளியின் சாதி. உடம்பைத் துளைத்து வெளியே வந்து பக்கத்தில் இருப்பவர் மேலும் படும். ஆல்ஃபா என்றும் ஒன்று உண்டு, அதை ஒரு தாளே தடுத்துவிடும், இந்த மருந்தில் அது இல்லை. எல்லாவற்றையும் கேட்ட அத்தை, பூண்டு மூட்டையை எப்படி இறுக்கிக் கட்டினாலும் வாசம் வெளியே வரத்தானே செய்யும், அதுதான் காமாவா என்று கேட்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். தள்ளிப் போகப் போக வாசம் குறைகிற மாதிரி கதிரும் குறையும், ஆகவே மருமகளிடமிருந்து தள்ளியே இருங்கள், எட்டு நாளில் அணுக்களில் பாதி உடைந்துவிடும் என்றாள்.

எட்டு நாளில் பாதி என்றால் பதினாறு நாளில் முழுசும். திரும்பி வரும் பஸ்ஸிலேயே அத்தை கணக்குப் போட்டு முடித்துவிட்டார். மாத்திரை விழுங்கிப் பதினாறு நாள் கழித்து ஒரு முகூர்த்தம் வந்தது. அன்றைக்கே எனக்கு வளைகாப்பு என்று ஊரெல்லாம் சொல்லி, கீழே என் அப்பாவுக்கும் போன் போட்டாயிற்று. வளைகாப்புப் போட்டுத்தான் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். முதல் வளையல் தன் கையால்தான் என்பது அத்தை போட்ட சட்டம்.

ஆஸ்பத்திரியில் தனியறையில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தோட்டத்துக் கோடியில் பூண்டு உலர்த்தும் அறையை ஒழித்து, அத்தைக்குத் தனித் தட்டு, தனிப் பாய் எல்லாம் வைத்தோம். பகலில் பேரி மரத்தடி நாற்காலி. குழம்பு கொதிக்கும் வாசத்தை வைத்தே அங்கிருந்து புளி பத்தாது என்பார். ஊர் சும்மா இருக்குமா? கல்யாணமாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை, அதற்குள் மாமியாரைத் தோட்டத்துக்குத் தள்ளிவிட்டாள் என்று எதிர்வீட்டுப் பெரியம்மா பேச ஆரம்பித்தார். அது காதில் விழுந்ததும் அத்தை நாற்காலியிலிருந்தே தெருவுக்குக் கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

"அவ என்னையத் தள்ளலை. நான்தான் அவளைத் தள்ளி வச்சிருக்கேன். நான் இப்ப கரண்டுக் கம்பி மாதிரி. கிட்ட வந்துறாதீங்க."

பெரியம்மா அதற்குப் பிறகு சுற்று வழியில்தான் கடைக்குப் போனார்.

தினமும் காலையில் அத்தை கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு எவ்வளவு கெடக்கு தாயி?" என்பதுதான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலை நம்பி நான் அடுப்படி வாசலில் நின்று பதில் சொல்வேன். எட்டாம் நாள் பாதி என்றேன். அப்படியென்றால் வளைகாப்புக்குள் சுத்தமாகிவிடும் என்று அவர் சந்தோஷப்பட்டபோது, படித்த வாய் சும்மா இருக்கவில்லை. மிச்சமிருக்கிற பாதியில்தான் இனி பாதி போகும், அன்றைக்குக் கால் பங்கு இருக்கும், அடுத்த எட்டு நாளில் அரைக்கால், அதற்கடுத்து அதில் பாதி என்று சொல்லிக்கொண்டே போனேன். எந்த அணு எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது, மொத்தத்தில் பாதி என்று மட்டும்தான் சொல்ல முடியும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அத்தை விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். "அப்ப இது தீரவே தீராதா? பேரப்புள்ளைய நான் தூக்கவே முடியாதா?" என்றார். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் கணவர் உடனே மதுரைக்குப் போன் போட்டார். மருமகள் சொன்னது அணுக்களின் கணக்கு, உடம்புக்கு வேறொரு கணக்கும் உண்டு என்றாள் அந்தப் பெண். மருந்தில் பெரும்பகுதி சிறுநீரோடு முதலிலேயே போய்விடும். வளைகாப்புக்கு முந்தின நாள் வாருங்கள், அளந்து பார்த்துவிடலாம் என்றும் சொன்னாள். அன்றிலிருந்து அத்தை குடித்த தண்ணீரில் ஒரு பாத்தி பூண்டு விளைந்திருக்கும்.

முந்தின நாள் அத்தையும் என் கணவரும் வெள்ளனே கிளம்பி, இருட்டுவதற்குள் ஊர் திரும்பினார்கள். மீட்டர் ஏதோ பேருக்கு முணுமுணுத்ததாம், மருமகள் பக்கத்தில் தாராளமாகப் போகலாம் என்றார்களாம். நீங்கள் போட்ட கணக்குத் தப்பு, நாள் சரி என்று அந்தப் பெண் அத்தையைக் கேலி செய்தாளாம். வாழைப்பழத்தில்கூடத் துளி கதிரியக்கம் உண்டு என்று அவள் சொல்லப்போக, அப்படியானால் பழனி பஞ்சாமிர்தத்திலும் இருக்குமே என்று அத்தை கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதில் அவருக்குப் பாதித் தெம்பு வந்துவிட்டது என்றார் என் கணவர்.

மறுநாள் வீடு நிறையப் பெண்கள். அப்பா பழனியிலிருந்து கூடை நிறைய வளையல் கொண்டுவந்திருந்தார். என்னை மணையில் உட்கார வைத்துச் சந்தனம் பூசியாயிற்று. அத்தையைக் காணோம். எட்டிப் பார்த்தால் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு அதே நாற்காலியில் இருக்கிறார். கூப்பிட்டேன்.

"மீட்டருக்குத் தெரியாம ஒண்ணு ரெண்டு கெடந்துட்டா? நீ சொன்ன கால் பங்கு மனச விட்டுப் போகலை தாயி. மத்தவங்க போடட்டும்."

நான் எழுந்தேன். மணையில் உட்கார்ந்தவள் பாதியில் எழுந்திருக்கக் கூடாது என்று எதிர்வீட்டுப் பெரியம்மா கையைப் பிடித்தார். மெதுவாக விடுவித்துக்கொண்டு, வளையல் கூடையையும் தூக்கிக்கொண்டு பேரி மரத்தடிக்கு நடந்தேன். அத்தை முன்னால் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினேன்.

"போடுங்க அத்தை. நீங்க போடாம நான் மலையை விட்டு எறங்க மாட்டேன்."

அவர் தன் கைகளைப் பட்டுச் சேலையிலேயே துடைத்தார், திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் துடைத்தார். அப்புறம்தான் என் விரல்களைத் தொட்டார். போட்ட வேகத்தில் முதல் வளையல் உடைந்தது, இரண்டு பேரும் சிரித்தோம், அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வீட்டுக்குள் இருந்த பெண்கள் தட்டுகளோடு வெளியே வந்துவிட்டார்கள். என் வளைகாப்பு பேரி மரத்தடியில்தான் நடந்து முடிந்தது.

என் மகள் இப்போது பால்வாடிக்குப் போகிறாள். அத்தைக்கு நோய் திரும்பவில்லை. பாதி, பாதியில் பாதி என்று போனாலும் அணுவைப் பாதியாகப் பிட முடியாதே, கடைசி ஒன்றும் ஒருநாள் உடைந்துதான் தீர வேண்டும் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. இன்று காலையும் அந்த நாற்காலியில்தான் பாட்டியும் பேத்தியும். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, எப்போதும்போல அத்தை குரல் கொடுத்தார்.

"இன்னைக்கு எவ்வளவு கெடக்கு தாயி?"

"ஒண்ணுகூட இல்லைங்க அத்தை. பிள்ளையை அனுப்புங்க, பால்வாடிக்கு நேரமாச்சு."

"அப்ப என்ன சோலி அங்க? இங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.