ராசாவின் ஜெர்மன்

குரோய்டனில் ஒரு தேவாலய மண்டபத்துக்கு வெளியே வரிசையில் நிற்கிறேன். உள்ளே தொலைக்காட்சித் தொடருக்கு ஆள் எடுக்கிறார்கள். கதை, எந்த உலக வரைபடத்திலும் இல்லாத ஒரு குட்டி மலைநாட்டில் நடக்கிறது. அந்த நாட்டு ராசாவாக நடிப்பவருக்கு மலைப்பக்கத்து ஜெர்மன் சொல்லிக்கொடுக்க ஒருவர் வேண்டுமாம்.

எனக்கு முன்னால் நிற்கும் அண்ணை, சுவிஸில் ஒரு மலை ஹோட்டலில் பதினெட்டு வருடம் கோப்பை கழுவியவர். இப்போது ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறார். இடுப்பைப் பிடித்தபடி என் பக்கம் திரும்புகிறார்.

"நாரி முறிஞ்சு போச்சு தம்பி. இது கிடைச்சால் கதிரையில இருந்து உழைக்கலாம். உமக்கு ஜெர்மன் தெரியுமோ?"

"தெரியாது அண்ணை. வாறவைக்கு சாண்ட்விச் குடுக்கினமாம். நான் நேற்று மத்தியானம் சாப்பிட்டதுதான்."

அவர் முறை வருகிறது. கதவு திறந்தே கிடக்கிறது. மேசைக்குப் பின்னால் இருக்கும் ஜெர்மன்காரி, போர் அறிவிக்கும் ராசாவைப்போலப் பேசச் சொல்கிறாள். அண்ணை நெஞ்சை நிமிர்த்தி, கையை உயர்த்தி, மண்டபம் அதிர முழங்குகிறார். அவளுக்குக் கண் கலங்கிவிடுகிறது.

"எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அசல் மலைநாட்டுப் பேச்சு!" என்று ஆங்கிலத்தில் சொல்லி எழுந்து கைகொடுக்கிறாள். வேலை அவருக்குத்தான்.

வெளியே வந்தவரிடம், "என்னண்ணை சொன்னனீங்கள்?" என்று கேட்கிறேன்.

"எனக்குத் தெரிஞ்சது எங்கட செஃப் கத்தினது மட்டும்தானே. சட்டியை வடிவாக் கழுவு, கிழங்கை உரி, குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டு."

"அப்ப ராசா?"

"ராசாவும் அதைச் சொல்லிப்போட்டுத்தான் சண்டைக்குப் போகவேணும்."