வளையம் போட்ட துவக்கு

மாவட்டக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்த அன்று அதை நாலு தரம் வாசித்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அரசாங்கத் தமிழ் எனக்கு முதல் வாசிப்பில் பிடிபடாது. நாலாம் தரமும் விசயம் அதேதான். நெல் வேளாமைக் காவலுக்கு ஒரு துவக்கு, அரசாங்கத் தமிழில் துப்பாக்கி, வைத்திருக்க எனக்கு அனுமதி. கேட்டு எழுதினவனும் நானேதான். கிடைத்துவிட்டது என்றதும் கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

"சந்தோசப்படுவீங்க எண்டு பாத்தா, சாவீட்டுத் தந்தி வந்தவர் மாதிரி நிக்கிறீங்க" என்றாள் மனைவி.

காணி அவளுடைய சீதனம். கிரான் ஊருக்கு அங்கால் உள்ள வயல்வெளியில், எங்கள் பேச்சில் வட்டையில், யுத்தம் முடியும்வரை காடேறிக் கிடந்த வயல். நான் கடற்கரைக்காரன். இயக்கம் வந்தாலும் ஆமி வந்தாலும் கண்ணில் படக்கூடாதென்று, வீட்டு உறுதி, அடையாள அட்டை, அவளின் சங்கிலி எல்லாவற்றையும் பிஸ்கட் தகரத்தில் போட்டு முற்றத்து மண்ணுக்குள் தாட்டு வைத்திருந்தேன். எத்தனையோ சுத்திவளைப்பில் அது தப்பியது. சுனாமி வந்த காலையில் கடல் முற்றத்து மண்ணையே அள்ளிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் அவளின் காணியை நம்பி வந்தேன். வெட்டித் திருத்தி விதைத்தால், போன மாரியில் பாதி வயலைப் பன்றி உழுதுவிட்டுப் போனது.

"இந்தப் போகமும் போனா காணியைக் குத்தகைக்குக் குடுக்கிறன்" என்று அவள் சொல்லியிருந்தாள். "மறுகா நீங்களும் நானும் ஆரும் வீட்டு வயல்ல கூலிக்கு நெல் அருவி வெட்டுவம்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் என்னை உறங்க விடவில்லை.

எங்கள் வட்டையில் மூன்று பேருக்கு அனுமதி கிடைத்தது. மற்றவர்களில் ஒருவர் மச்சான், அவளின் தமையன். புதுத் துவக்கு வேண்டுமென்றால் கொழும்புக்குப் போகவேண்டும். பழசு என்றால், வட்டையில் பெரிய காணிக்காரரான போடியாரிடம் ஒன்று விலைக்கு இருந்தது. அவருக்குக் கண் மங்கிவிட்டது. மச்சானும் நானும் போனோம்.

போடியார் அதைச் சாரத்தில் துடைத்துத் துடைத்துத்தான் எங்கள் கையில் தந்தார். ஒற்றைக்குழல். மரப்பிடி கறுத்து, கைபட்டு வழுவழுவென்றிருந்தது.

"இது யானையையும் பாத்திருக்கு, பண்டியையும் பாத்திருக்கு" என்றார்.

"வேற ஆரையும் பாத்திருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

மச்சான் என் காலை மிதித்தார்.

துவக்கின் கதையை எல்லாரும் அறிவார்கள். முதலில் இயக்கம் வாங்கிக்கொண்டு போனது. எப்படியோ திரும்பி வந்தது. பிறகு பொலிஸில் ஒப்படைத்து, அங்கே அறைக்குள் பல வருசம் கிடந்தது. சண்டை முடிந்துதான் போடியாருக்கு மறுபடி கிடைத்தது. காகிதம் எல்லாம் சரி. ஆனால் மரப்பிடியின் அடியில் ஒரு இரும்பு வளையம் இருந்தது. சைக்கிள் கம்பியை முறுக்கிச் செய்தது. தோளில் மாட்ட வார் போடுகிற வளையம்.

"இது நீங்க போட்டதா போடியார்?"

"நான் ஏன்டா போடுறன்? வரம்பில நடக்கிறவனுக்குத் தோள்பட்டி எதுக்கு? அது திரும்பி வரக்குள்ள இருந்தது."

"அப்ப போட்டது ஆரு?"

"டேய், துவக்கு வாங்க வந்தியா, விசாரணை வைக்க வந்தியா? கலியாணப் பொண்ணுக்கும் நீ இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டாய்!"

"விசாரிச்சிருந்தா என்ர தங்கச்சி தப்பியிருப்பாள்" என்றார் மச்சான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அந்த வளையத்திலிருந்து கண் எடுபடவில்லை. காட்டுவழியே மணிக்கணக்காக அதைத் தோளில் தூக்கி நடந்த ஒருவன் இருந்திருக்கிறான். எங்கே நடந்தான், ஆரைத் தேடி நடந்தான்? நாளைக்கு எவராவது வந்து இதைக் கண்டு, இது அந்தத் துவக்கெல்லோ என்று சொன்னால்? வைத்திருப்பவன் நான்.

வாங்கவில்லை. ஒரு கிழமை கழித்து மச்சான் அதை வாங்கினார்.

புதுசு வாங்கக் கொழும்புக்குப் போனேன். பஸ்ஸில் ஏறினதிலிருந்து வேறொரு பயம். பழைய துவக்கு என்றால் முன்னால் நாலு பேரின் பெயர் இருக்கும், என் பெயர் கடைசி. புதுத் துவக்கில் முதல் பெயரே என்னுடையது. கடைக்காரர் இலக்கத்தைப் பார்த்து எழுதினார், என்னைப் பார்த்தார், கையெழுத்து வாங்கினார். எங்களூரில் பட்டியலில் பெயர் எழுதப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று அந்த மனிசனுக்கு எப்படித் தெரியும்? திரும்பி வரும் வழியெல்லாம் மட்டைப் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். காகிதங்களைச் சட்டைக்குள் போட்டு, அரை மணிக்கொரு தரம் தொட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் நெஞ்சு நோவா என்று கேட்டார்.

வீட்டில் அதை எங்கே வைப்பது என்பதே தீராத வேலையாகப் போனது. கூரைக்குள் வைத்தேன். எடுத்தேன். அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். "முன் கதவுக்குப் பக்கத்தில ஆணி அடிச்சு மாட்டுங்க. களவெடுத்த சாமானா?" என்றாள் மனைவி. லைசன் துவக்கை ஒளிக்கத் தேவையில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

ஒரு காலை, ஆமிப் பச்சை நிற ஜீப் ஒன்றும் அதன் பின்னால் ஒரு லொறியும் வட்டைப் பாதையில் வருவதைக் கண்டேன். அதற்குப் பிறகு நான் யோசித்ததாக எனக்கு ஞாபகமில்லை. யூரியாப் பையில் துவக்கைச் சுற்றி, மண்வெட்டியை எடுத்து, பின்பக்கத்து வாழையடியில் தாட்டுவிட்டேன். மேலே சருகைப் பரப்பி முன்னால் வந்து நின்றபோது மூச்சு வாங்கியது. ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள் கையில் அளவு நாடா வைத்திருந்தார்கள்.

"ஐயா, வட்டைக்குக் கரண்ட் வருது. கம்பம் போட இடம் பாக்கிறம்."

போட்டார்கள். லொறி நிறைய மின்கம்பங்களை, என் வாழைக்குப் பக்கத்திலேயே அடுக்கினார்கள். காவலுக்கு இரண்டு பேர் தகரக் கொட்டில் கட்டி அங்கேயே இருந்தார்கள். பகலெல்லாம் வேலையாட்கள். அத்தனை பேருக்கு முன்னால் மண்ணைக் கிண்டி ஒரு துவக்கை வெளியே எடுப்பதா? எங்கள் பக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்த துவக்குக்கு ஒரே ஒரு பெயர்தான், இயக்கத்துத் துவக்கு. லைசனைக் காட்டினால், பிறகேன் தாட்டாய் என்று கேட்பார்கள். இன்றைக்குப் போவார்கள், நாளைக்குப் போவார்கள் என்று காத்திருந்தேன். மாரி மழை பெய்துகொண்டேயிருந்தது.

கதிர் பால் பிடிக்கிற நேரம் பன்றி இறங்கியது. காலையில் போய்ப் பார்த்தால், ஆற்றுப் பக்கத்து மூலை சேறாகக் கிடந்தது. மனைவி வரம்பில் நின்று நசுங்கிய கதிர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"பண்டியார் நாளைக்கும் வருவாங்க. வந்தா, கொஞ்சம் பொறுங்க, தோண்டி எடுத்துக்கொண்டு வாறன் எண்டு சொல்லுங்க."

மறுநாள் விடிய முன்னம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. நான் பாயை விட்டு எழும்பாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்படித்தான் உடம்பு பழகியிருக்கிறது. விடிந்ததும் மச்சான் முற்றத்தில் நின்றார். தோளில் போடியாரின் துவக்கு. அந்த வளையத்தில் பழைய சாக்குத் துண்டொன்றை வாராகக் கட்டியிருந்தார். கையில் இறைச்சிப் பை.

"உங்கட வரம்பிலதான் விழுந்தது. மற்றதெல்லாம் ஓடிட்டு. இனி இந்தப் பக்கம் வராது" என்றார். பிறகு தோளைத் தட்டிக் காட்டினார். "வளையம் நல்ல வசதி மச்சான். ரெண்டு கையும் சும்மா இருக்கும்."

மனைவி மிளகு அரைத்துக் கறி வைத்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினேன்.

டிசம்பர்க் கடைசியில்தான் கம்பக்காரர்கள் போனார்கள். வருசம் முடிவதற்குள் துவக்கைக் கொண்டுபோய்க் காட்டி லைசனைப் புதுப்பிக்க வேண்டும். தோண்டினேன். யூரியாப் பைக்குள் தண்ணீர் நின்றது. உப்புப் படிந்த இரும்பு எப்படியிருக்கும் என்று கடற்கரைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பையில் ஒட்டியிருந்த பசளையும் அதே வேலையைத்தான் செய்திருந்தது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். செம்மண் நிறத்தில் துணிதான் வந்தது.

மச்சானும் நானும் புளியந்தீவுக்குப் போனோம். கச்சேரியில் ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தவர் இரண்டு துவக்கையும் வாங்கினார். எண்ணெய் பூசி மினுங்கிய மச்சானுடையதைத் தடவிப் பார்த்து, "இதுதானே புதுசு?" என்றார். என்னுடையதை இரண்டு விரலால் தூக்கினார்.

"இது ஆர்ர பழைய துவக்கு?"

"என்ர தான் ஐயா. புதுசு."

அவர் காகிதத்தைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் சட்டை நனைந்துவிட்டது. துருவுக்கிடையில் வாழை வேரின் நார் ஒன்று ஒட்டியிருந்ததை அப்போதுதான் நான் கண்டேன். அவரும் கண்டார். அதை நகத்தால் கிள்ளி எடுத்துக் கீழே போட்டார். வேறொன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

அந்தப் போகம் வயலில் பாதிக்கு மேல் தேறியது. காணி குத்தகைக்குப் போகவில்லை. ஆனால் காப்பாற்றியது நான் வாங்கப் பயந்த துவக்கு. அதை எவன் முதலில் தோளில் மாட்டினான் என்று இப்போதும் சில நேரம் யோசிப்பேன். என் துவக்கை நாளைக்கு ஒருவன் வாங்க வந்தால், துருவைத் தடவிப் பார்த்து, இது எங்கே கிடந்தது, எதுக்கு ஒளித்தார்கள் என்று அவனும் பயப்படத்தான் செய்வான்.

மனைவியே ஆணி அடித்து அதை முன் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள், பாதையால் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும்படி. வட்டைக்குக் கரண்டும் வந்துவிட்டது. ஆனாலும் பாதையில் பெரிய வாகனச் சத்தம் கேட்டால் நான் எழும்பிவிடுவேன். அவள் வேலையை விட்டுவிட்டு என் கையைத்தான் பார்ப்பாள். மண்வெட்டியை இப்போது அவள் எங்கே வைக்கிறாள் என்று எனக்குச் சொல்வதில்லை.